நாற்பத்து மூன்று

அங்கே எட்டு மணிக்கு எண்ணத் தொடங்கினால்
இங்கே பத்தரை.
போன் லாக்கரில். நான் துவாஸில்
ஒரு கப்பலின் வயிற்றடியில், சாரத்தில்,
சாம்பல் பெயின்ட் அடித்துக்கொண்டு.
சோற்றுப் பொட்டலம் பிரிக்கையில் மூன்றாம் சுற்று: தராசு முன்னிலை.
லாரி ஏறுகையில் பதினாறாம் சுற்று: குடை.
வடமலை எழுந்து கத்தி, மேல்கம்பியில் தலையை இடித்துக்கொண்டான்.
குளித்துவிட்டு வந்தபோது
முடிந்திருந்தது.
குடை. நாற்பத்து மூன்று ஓட்டு.

நாற்பத்து மூன்று பேர் என்றால்
எங்கள் லாரிக்கு இரண்டு நடை.

பட்டியலில் நானும் இருக்கிறேன்,
வரிசை எண் அறுநூற்றுப் பதினான்கு,
பதினோரு வருஷத்துக்கு முந்தைய மீசையோடு.
தேர்தலுக்கு முன்னால் இரண்டு பக்கமும் கூப்பிட்டார்கள்.
"மாப்ளே, டிக்கெட் போட்டுத் தரவா" என்றான் ஒருவன்,
அப்புறம் எடுக்கவே இல்லை.
"வீட்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணே" என்றான் இன்னொருவன்.
யோசித்துப் பார்த்தால்
என் ஓட்டை ஒருவனும் கேட்கவில்லை.
என் வழியாக அஞ்சுகத்தின் ஓட்டைத்தான் கேட்டார்கள்.

எண்ணிப் பார்த்தோம்.
எங்கள் பிளாக்கில் மட்டும் அந்தத் தொகுதிக்காரர்கள்
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
"நாம போயிருந்தா?" என்றான் வடமலை, நெற்றியில் பிளாஸ்திரியோடு.
அந்தக் கேள்வி தூங்க விடவில்லை.
மைலோ டின்னைக் கழுவித் துடைத்து
மூடியில் கீறல் போட்டோம்.
சமையல் கொட்டகையில், கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில்.
மேற்பார்வையாளர் கோ வந்து என்ன டின் என்று கேட்டார்.
லக்கி டிரா, சார்.
பரிசு என்ன என்றார்.
யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஊரில் எண்பத்தாறு சதவீதம்.
வெயிலில், கைக்குழந்தையோடு, இரண்டு மணி நேரம் நின்று.
இங்கே பத்தடியில் டின்,
வரிசை இல்லை, போலீஸ் இல்லை,
விழுந்தது அறுபத்தொன்று.
ஐம்பத்து நாலு சதவீதம்.
மற்றவர்களுக்கு நைட் ஷிப்ட். துணி காயப்போடும் வேலை. தூக்கம்.
"எவன் வந்தா எனக்கென்ன, ஏஜென்ட்டுக் கடன அவனா கட்டப் போறான்?"

தராசு முப்பத்தொன்று.
குடை இருபத்து நாலு.
நாலு சீட்டு மூன்றாவது ஆளுக்கு,
டெபாசிட்டை இங்கும் இழந்தார்.
ஒன்று வெறுமை.
ஒன்றில் "சம்பளம்" என்று மட்டும்.
அறுபத்திரண்டாவதாக ஒன்று கிடந்தது, மீன் படம் போட்டு.
பக்கத்துக் கட்டில் ரஃபிகுல் சிரித்தான்.
டாக்காக்காரனுக்கு இங்கே என்ன ஓட்டு என்றேன்.
உனக்கு மட்டும் என்ன என்றான்.

நாற்பத்து மூன்றில் ஏழைக் கழித்தால் முப்பத்தாறு.
அப்போதும் குடைதான்.
இல்லாமல்போனதால் ஏதோ கவிழ்ந்தது என்று
மாலை முழுக்க வளர்த்த பெருமை
டின்னுக்குள்ளேயே அடங்கிவிட்டது.
ஆனால் சீட்டுப் போடாத ஐம்பத்தொன்று
மேல்தட்டுக் கட்டில்களில் குறட்டை விடுகிறது.
அதற்குள் என்ன இருக்கிறதென்று
எந்தச் சேனல்காரனுக்குத் தெரியும்?

அஞ்சுகத்தைக் கூப்பிட்டேன்.
யாருக்குப் போட்டாய்?
"அவங்களும் இதத்தான் கேட்டாங்க."
நான் உன் புருஷன்.
"ஆமா. அதுக்கு?"
குக்கர் விசில் வந்தது. வைத்துவிட்டாள்.
பிறகு ஒரு படம் அனுப்பினாள்:
மை வைத்த விரல், இத்தனை நாளாகியும் நகத்தில் பாதி மிச்சம்.
எதுவும் எழுதவில்லை.

நானும் என் விரலைப் படம் எடுத்தேன்.
தின்னர் போட்டும் போகாத சாம்பல்.
அனுப்பவில்லை.

ஐந்தேமுக்காலுக்கு வாசல் எந்திரம் விரலைக் கேட்கும்.
பெயின்ட் விரலை அது சிலநாள் ஒத்துக்கொள்ளாது,
துடைத்துத் துடைத்து மறுபடி வைக்க வேண்டும்.
பின்னால் வடமலை தள்ளுவான்:
"சீக்கிரம் போடுய்யா, லாரி கிளம்புது."